கட்டி உறைந்தது, ஒழிந்ததா?

கல்லீரலில் இருந்த புற்றுக்கட்டியை ஊசி வழியாக உறையவைத்து அழித்தாயிற்று என்று மருத்துவர் சொன்னதும் நோயாளியின் வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை, பெரிய தையல் இல்லை, ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடலாம். ஆனால் அன்றைய தினம் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: கட்டி உறைந்தது. அதன் ஒவ்வொரு ஓரமும் செத்ததா, ரத்தக்குழாயை ஒட்டிய மூலையில் நாலைந்து மில்லிமீட்டர் உயிரோடு தங்கிவிட்டதா என்ற கேள்விக்கு அன்று விடை கிடையாது. அந்த விடை ஒரு மாதம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும், அதற்கடுத்த ஸ்கேன்களிலும்தான் துலங்கும். அதனால் தொடர் ஸ்கேனையும் சேர்த்தே இந்தச் சிகிச்சையைக் கணக்கிட வேண்டும் என்பது என் வாதம். அதைக் கழித்துவிட்டால் நடந்திருப்பது பாதிச் சிகிச்சை. மருத்துவர் போடும் திட்டம், வீட்டார் ஒதுக்கும் பணம், அரசுக் காப்பீடு போடும் விலை ஆகிய மூன்றும் இந்தக் கணக்கை ஏற்றாக வேண்டும்.

உலக அளவில் 2022இல் மட்டும் சுமார் 8.66 லட்சம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 7.58 லட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு கூறுகிறது. இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதே நோயின் கடுமையைக் காட்டும். இந்தியாவில் இதற்கு மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி முக்கியக் காரணங்கள். மதுவும், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலும் இப்போது அவற்றோடு வரிசையில் நிற்கின்றன. பி வகைக்கான தடுப்பூசி 2011 வாக்கில் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடும் அட்டவணையில் வந்துவிட்டது; அதன் பலன் கிடைக்க இன்னும் ஒரு தலைமுறை ஆகும். காரணம் எதுவானாலும் வழி பெரும்பாலும் ஒன்றே: கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ், அதன்மேல் கட்டி. இறுகிய கல்லீரலை வெட்டினால் மிஞ்சும் பகுதி உடலைத் தாங்காது. ஆகவேதான் கட்டி சிறியதாக இருக்கும்போதே, வெட்டாமல், இருந்த இடத்திலேயே அழிக்கும் முறைகள் வந்தன. ரேடியோ அலையாலும் மைக்ரோவேவாலும் சுட்டு அழிப்பது இந்தியாவில் அதிகப் புழக்கத்தில் உள்ளது. கிரையோ அப்லேஷன் எனப்படும் உறைசிகிச்சை சில பெரிய மருத்துவமனைகளில் மட்டும் கிடைக்கிறது.

பனியின் விளிம்பு பொய் சொல்லும்

குளிரால் புற்றை அடக்கலாம் என்ற எண்ணம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜேம்ஸ் ஆர்னட் என்ற ஆங்கிலேய மருத்துவர் பனிக்கட்டியும் உப்பும் கலந்து வெளிப்புறப் புற்றுகளை உறையவைத்துப் பார்த்தார். 1961இல் நியூயார்க்கைச் சேர்ந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சையாளர் இர்விங் கூப்பர், திரவ நைட்ரஜன் ஓடும் நீண்ட கருவியால் உடலின் உள்ளாழத்துக்கும் குளிரைக் கொண்டுசென்றார். இன்றைய கருவி கிட்டத்தட்ட ஊசிபோல மெல்லியது. அதற்குள் அதிக அழுத்தத்தில் வரும் ஆர்கான் வாயு, நுனியில் உள்ள சிறு அறையில் சட்டென்று விரிகிறது. விரியும்போது அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 140 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் அதற்கும் கீழேயும் போகும். பிறகு பனியை உருக்கப் பல கருவிகளில் ஹீலியம் பாய்ச்சுகிறார்கள். அறை வெப்பத்தில் ஆர்கான் விரிந்தால் குளிரும், ஹீலியம் விரிந்தால் சூடேறும். அதே ஹீலியம் திரவமாகி, எம்.ஆர்.ஐ. காந்தத்தைச் சுழியத்துக்குக் கீழே 269 டிகிரியில் குளிரவைத்திருப்பது இயற்பியலின் விளையாட்டு. பத்து நிமிடம் போல உறையவிட்டு, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பது பொதுவான நடைமுறை. செல்லுக்கு வெளியே உருவாகும் பனிப்படிகங்கள் உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுகின்றன. செல்லுக்குள்ளேயே படிகம் உண்டானால் சவ்வு கிழிகிறது. உருகிய பின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்க, பிழைத்த செல்லும் பட்டினியில் சாகிறது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஸ்கேனைப் படிக்கும் சாவி அதுதான்.

உறைசிகிச்சைக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம், நடக்கும்போதே அதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது. உண்மைதான். ஊசி நுனியைச் சுற்றி வளரும் பனிக்கோளம் சி.டி.யில் மங்கிய வட்டமாகத் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் இன்னும் தெளிவாக, கருமையான உருண்டையாகத் தெரியும். உறைந்த நீரில் உள்ள ஹைட்ரஜன் எழுப்பும் சமிக்ஞை, கருவி பிடிப்பதற்குள் அழிந்துவிடுவதே இதற்குக் காரணம். 2000ஆம் ஆண்டிலேயே பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனை மருத்துவர்கள், திறந்த அமைப்புள்ள எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தே கல்லீரல் கட்டிகளை உறையவைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். சூட்டு முறைகளில் இப்படி ஒரு தெளிவான எல்லைக்கோடு கிடைப்பதில்லை.

ஆனால் பார்வைக்குத் தெரியும் அந்த எல்லை, சாவின் எல்லை ஆகாது. பனிக்கோளத்தின் வெளிவிளிம்பில் வெப்பநிலை சுழியம் டிகிரிதான். புற்றுச் செல் உறுதியாகச் சாக, சுழியத்துக்குக் கீழே 20 முதல் 40 டிகிரி வரை போக வேண்டும். அந்தக் குளிர் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. அதனால் கட்டியைத் தாண்டி அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரையாவது பனி பரவும்படி மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. பெரிய ரத்தக்குழாய்க்கு அருகில் உடல் சூட்டோடு ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பக்கத்துத் திசு போதிய அளவு குளிராது. சிகிச்சை மேசையில் முழு வட்டமாகத் தெரிந்த பனி, குழாய்ப் பக்கத்தில் மட்டும் பலவீனமாக இருந்திருக்கலாம். கட்டியின் மிச்சம் ஒளிந்துகொள்வது பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். பனி உருகிய நொடியிலேயே அந்தத் தெளிவான எல்லைக்கோடு மறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வேறு சாட்சி தேட வேண்டும்.

அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

முதல் தொடர் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் வீட்டார் பலரும் அதிர்ச்சி அடைவது ஒரே காரணத்துக்காக: சிகிச்சைக்கு முன் இரண்டரை சென்டிமீட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது நான்கரை என்று இருக்கும். கட்டி வளர்ந்துவிட்டதா? இல்லை. கட்டியோடு சேர்த்து அதைச் சுற்றியிருந்த நல்ல திசுவின் ஒரு வளையமும் வேண்டுமென்றே அழிக்கப்பட்டிருக்கிறது; அளந்தது அந்த முழுத் தழும்பை. வரும் மாதங்களில் அது சுருங்கும். சுட்டு அழித்த இடத்தைவிட உறையவைத்து அழித்த இடம் பொதுவாக விரைவில் சுருங்கிவிடும். இந்தக் குழப்பம் வீட்டாருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். புற்றுமருந்துகளின் பலனை அளக்க 2000இல் வந்த ரெசிஸ்ட் என்ற அளவுகோல் கட்டியின் நீளத்தை மட்டுமே கணக்கில் எடுத்தது. இடத்திலேயே அழிக்கும் சிகிச்சைகளுக்கு அது பொருந்தவில்லை என்பதால், 2010இல் கல்லீரல் புற்றுக்கென்று திருத்திய அளவுகோல் வெளிவந்தது. மொத்த அளவை விட்டுவிட்டு, உயிருள்ள பகுதியை மட்டும் அளக்கச் சொன்னது அது.

உயிருள்ள பகுதியை எப்படி அடையாளம் காண்பது? ரத்தத்தைப் பின்தொடர்ந்துதான். நல்ல கல்லீரல் திசு தனக்கு வேண்டிய ரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகப் பெறுகிறது. கல்லீரல் செல்லிலேயே பிறந்த புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. கைநரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் ஒரு முறையும், ஒரு நிமிடம் கடந்து மறுமுறையும், இன்னும் தாமதித்து மீண்டும் படமெடுத்தால் இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வரும். உயிருள்ள கட்டி முதல் படத்தில் சுற்றியுள்ள திசுவைவிட ஒளிர்ந்து, அடுத்த படங்களில் மங்கிப்போகும். உறைந்து செத்த இடத்தில் ரத்தக்குழாய்களே அடைபட்டுவிட்டன. எந்தப் படத்திலும் அது ஒளிராது. ரத்தம் போகாத இடம் செத்த இடம். அதன் விளிம்பில் திரளாக ஒளிரும் ஒரு துண்டு இருந்தால் அது பிழைத்த கட்டி என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த எளிய விதியைச் செயல்படுத்தும்போது எம்.ஆர்.ஐ. தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறது. அழிக்கப்பட்ட இடத்தில் தேங்கிய பழைய ரத்தமும் செத்த திசுவும், மருந்து ஏற்றுவதற்கு முன்பே டி1 வகைப் படத்தில் வெளுப்பாகத் தெரிவதுண்டு. அதற்குள் மருந்து ஏறி ஒளிரும் சிறு பகுதியைத் தேடுவது, வெள்ளை வேட்டியில் பட்ட சுண்ணாம்பைத் தேடுவதுபோல. இதற்காகவே மருந்துக்குப் பின் எடுத்த படத்திலிருந்து முன் எடுத்த படத்தைக் கணினியில் கழிக்கிறார்கள். மிஞ்சும் வெளிச்சம் முழுக்க மருந்தினால் வந்தது. நோயாளி இரண்டு முறையும் ஒரே அளவு மூச்சை அடக்கியிருந்தால்தான் இந்தக் கழித்தல் சரியாக வரும். மூச்சுப் பயிற்சி தந்து ஸ்கேனுக்கு அனுப்புவது அதனால் அவசியம். இன்னொரு வகைப் படம் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அளக்கிறது. செல்கள் நெருக்கியடித்திருக்கும் கட்டியில் நீருக்கு நகர இடமில்லை. அது அந்தப் படத்தில் பிரகாசமாக நிற்கும். மூன்றாவது, கடாக்சிடேட் என்ற சிறப்பு மருந்து. ரத்தத்தில் ஓடுவதோடு நில்லாமல் அதில் ஏறக்குறைய பாதி, நல்ல கல்லீரல் செல்களுக்குள் நுழைந்து பித்தத்தோடு வெளியேறும். இருபது நிமிடம் காத்திருந்து எடுத்தால் நல்ல கல்லீரல் வெளுப்பாகவும், அந்த வேலையைச் செய்ய முடியாத புற்றும் தழும்பும் கருமையாகவும் தெரியும். வேறிடத்தில் முளைக்கும் மிகச் சிறிய புதுக்கட்டிகளைப் பிடிக்க இந்தப் படம் பெரிதும் உதவுகிறது. இந்த மருந்துக்கும் குறை உண்டு. முற்றிய சிரோசிஸில் செல்கள் அதைச் சரியாக ஈர்க்காது. சிலருக்கு ஊசி போட்ட சில நொடிகளில் மூச்சு தடுமாறி, முதலில் எடுக்கும் மிக முக்கியமான தமனிக் கட்டப் படம் கலங்கிவிடும்.

ஒரு படம் போதாது

இவ்வளவு திறமை இருந்தும் ஒற்றை எம்.ஆர்.ஐ. தீர்ப்பு சொல்லிவிட முடியாது. உறைந்த திசுவைச் சுற்றி உடல் தன் இயல்பான அழற்சியைக் காட்டும். அந்த மெல்லிய சீரான வளையமும் மருந்தேறி ஒளிரும்; சில மாதங்கள்கூட நீடிக்கும். ஊசி போன பாதையில் ரத்த ஓட்டம் திசைமாறி, ஆப்பு வடிவில் ஒரு பகுதி தற்காலிகமாக ஒளிர்வதும் உண்டு. இவற்றைக் கட்டி என்று நினைத்துவிட்டால் தேவையில்லாத மறுசிகிச்சை. கட்டியை இவை என்று நினைத்துவிட்டால் ஆபத்து. சிகிச்சை முடிந்த மறுநாளே எடுக்கும் படத்தில் இந்தக் கலக்கம் உச்சத்தில் இருக்கும். ஆகவே சிக்கல் ஏதும் இல்லாவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்து முதல் படம் எடுப்பது வழக்கம். அதுவே இனி வரும் எல்லாப் படங்களுக்கும் அடிப்படை. பிறகு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதன்பின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகலாம். சீரான வளையம் காலப்போக்கில் மெலியும், கட்டி தடிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது காலம் மட்டுமே.

ஸ்கேன் முடிவுகளை வகைப்படுத்த அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி உருவாக்கிய லை-ராட்ஸ் முறையில், இத்தகைய சிகிச்சை பெற்ற கட்டிகளுக்கென்று மூன்று முக்கிய முத்திரைகள் உள்ளன: உயிரில்லை, உறுதியில்லை, உயிருண்டு. 2024இல் இதைத் திருத்தியபோது கதிரியக்கச் சிகிச்சை பெற்ற கட்டிகளுக்குத் தனி விதியும், சூடு, குளிர் போன்ற மற்றவற்றுக்குத் தனி விதியும் வகுத்தார்கள். கதிர் பட்ட கட்டி மெல்லச் சாகும். மாதக்கணக்கில் ஒளிர்ந்தாலும் பொறுத்துப் பார்க்கலாம். உறைந்த கட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. அழித்த இடத்தில் திரளான ஒளிர்வு இருந்தால் அதை உயிருள்ளதாகவே கருத வேண்டும். ‘உறுதியில்லை’ என்ற நடு முத்திரையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அடுத்த ஸ்கேன் வரை தீர்ப்பைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று மட்டுமே அதற்குப் பொருள். ஆனால் அந்த அடுத்த ஸ்கேனுக்கு நோயாளி வர வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் வெளியான சீன ஆய்வு ஒன்று மறைமுகமாகப் பதில் தருகிறது. நான்கு சென்டிமீட்டருக்கு மிகாத ஒன்றிரண்டு கட்டிகள் கொண்ட 360 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உறைசிகிச்சையும் மறுபாதிக்கு ரேடியோ அலைச் சூடும் கொடுத்தார்கள். சிகிச்சை செய்த இடத்திலேயே கட்டி தலைதூக்கியது மூன்று ஆண்டுகளில் உறைசிகிச்சை பெற்றவர்களில் 7 சதவீதம், மற்றவர்களில் 11 சதவீதம். இடத்தளவில் குளிர் வென்றது. ஆனால் ஐந்து ஆண்டுகள் உயிரோடிருந்தவர்கள் 40, 38 சதவீதம். அதாவது வேறுபாடு இல்லை. கட்டி திரும்பாமல் ஐந்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கு அளவே. இந்த எண்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும். உறையவைத்த இடத்தில் வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே முடிகிறது. நோயாளியை வீழ்த்துவது, அதே இறுகிய கல்லீரலின் வேறொரு மூலையில் பிறக்கும் புதுக்கட்டியும், கல்லீரலின் பொதுவான தளர்ச்சியும். ஆக, தொடர் ஸ்கேனுக்கு இரண்டு வேலை: பழைய இடத்துக்குக் காவல், முழுக் கல்லீரலுக்கும் காவல். இரண்டாவது வேலைதான் பெரிது.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு: இதற்கெல்லாம் சி.டி. போதாதா? விரைவாக முடியும், எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. நியாயமான கேள்வி. பல கட்டமாக எடுத்த சி.டி.யையும் உலக வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. வயிற்றில் நீர் கோத்தவர், மூச்சை அடக்க முடியாதவர், எம்.ஆர்.ஐ.க்கு ஒவ்வாத பேஸ்மேக்கர் பொருத்தியவர் ஆகியோருக்கு நல்ல சி.டி.யே மேல், கலங்கிய எம்.ஆர்.ஐ.யால் ஒரு பயனும் இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பக்கம் தராசு சாய்வதற்குக் காரணங்கள் உண்டு. சிறிய ஒளிர்வைப் பிரித்தறியும் திறன் அதில் கூடுதல். நீர் நகர்வுப் படமும், கடாக்சிடேட் போட்டு எடுக்கும் கல்லீரல் செல் கட்டப் படமும் சி.டி.யில் கிடையாது. இரண்டு ஆண்டுகளில் எட்டு, ஒன்பது முறை, ஒவ்வொரு முறையும் பல கட்டமாகப் படமெடுக்க வேண்டியவருக்குக் கதிர்வீச்சுச் சுமையும் சேராது.

இரண்டாவது மறுப்பு ரத்தப் பரிசோதனையைப் பற்றியது. ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவை மாதாமாதம் பார்த்தால் போதுமே, எதற்கு இயந்திரம்? சிகிச்சைக்கு முன் அது உயர்ந்திருந்து, பின் இறங்கி, மீண்டும் ஏறினால் அது நல்ல எச்சரிக்கை. ஆனால் கல்லீரல் புற்றுள்ள கணிசமானோருக்கு அது தொடக்கத்திலிருந்தே இயல்பான அளவில் இருக்கும். அவர்களிடம் கட்டி திரும்பினாலும் அந்த எண் அசையாது. ஏறினாலும் எங்கே என்று சொல்லாது. ஸ்கேனுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். பதிலாக வைக்க முடியாது.

மூன்றாவது, மருந்தைப் பற்றிய அச்சம். எம்.ஆர்.ஐ.க்குச் செலுத்தும் கடோலினியம் கலந்த மருந்துகள் சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோலும் தசையும் இறுகும் அரிய நோயைத் தரக்கூடும் என்பது 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. உடலில் அது சிறிதளவு தங்குகிறது என்ற ஆதாரம் பிறகு வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் ஒரு வகை கடோலினிய மருந்துகளின் பயன்பாட்டை நிறுத்தியபோதும், கல்லீரல் படங்களுக்கான மருந்துகளை அனுமதித்தது; அவற்றின் பயனை வேறெதுவும் தராது என்பதே காரணம். அவற்றுள் ஒன்றான கடாக்சிடேட்டை மிகக் குறைந்த ஆபத்துள்ள பிரிவுக்கு அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2024இல் மாற்றியது. சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதித்த பிறகு, வேண்டிய அளவு மட்டும் போடுவது என்ற எச்சரிக்கை போதுமானது. புற்று திரும்பியதா என்று அறியாமல் இருப்பதன் ஆபத்து அதைவிடப் பெரிது.

நான்காவது மறுப்புதான் கனமானது: மிச்சக் கட்டியை முன்கூட்டிக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் திரும்பும் நோய்தானே? ஊசி வழிச் சிகிச்சைகள் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளிடமே மிகச் சிறப்பாக வேலை செய்கின்றன. ஒன்றரை சென்டிமீட்டரில் பிடித்தால் மீண்டும் உறையவைக்கலாம், சுடலாம். ஐந்தில் பிடித்தால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்போருக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 1996இல் மிலான் நகர மருத்துவர்கள் வகுத்த வரையறை இன்றும் உலகெங்கும் அடிப்படை: ஒரே கட்டியானால் ஐந்து சென்டிமீட்டருக்குள், பல என்றால் மூன்றுக்கு மிகாமல், ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்குள். கர்நாடகத்தில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் ஜீவசார்த்தகதே அமைப்பின் காத்திருப்புப் பட்டியலில் மாதக்கணக்கில் நிற்பவருக்கு, கட்டியை இந்த எல்லைக்குள் பிடித்து வைப்பதற்கே இத்தகைய சிகிச்சை செய்யப்படுவதுண்டு. எல்லைக்குள் இருக்கிறதா என்று சொல்ல ஸ்கேன் இல்லாவிட்டால், பிடித்து வைத்ததன் பொருளே போய்விடும்.

பெங்களூரின் கணக்கு

இனி மிஞ்சுவது செலவு. இங்கே பெங்களூர் ஒரு விசித்திரமான ஊர். விப்ரோ ஜி.இ., சீமென்ஸ் போன்ற மருத்துவக் கருவி நிறுவனங்களின் பெரிய மையங்கள் இங்கே உள்ளன. இந்திய அறிவியல் கழகத்தில் கடுங்குளிர்த் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மையம் நீண்ட காலமாக இயங்குகிறது. உள்நாட்டிலேயே வடிவமைத்த முதல் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவி என்று 2023 ஆகஸ்டில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய இயந்திரத்தை உருவாக்கிய வாக்ஸல்கிரிட்ஸ் இந்த நகரத்து நிறுவனம். அர்ஜுன் அருணாச்சலம் தொடங்கியது, 2021இல் ஜோஹோ முதலீடு செய்தது. திரவ ஹீலியத்தின் தேவையைக் குறைத்து விலையை இறக்குவது அதன் நோக்கம். 1973இல் நிறுவப்பட்ட கித்வாய் புற்றுநோய் நிலையமும் இதே ஊரில்தான். கர்நாடகத்தாரோடு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துத் தமிழர்களும் ஆந்திர எல்லை மாவட்டத்தாரும் வந்து சேரும் இடம் அது. கருவியும் அறிவும் நோயாளியும் ஒரே ஊரில் இருந்தும், தொடர் ஸ்கேன் என்ற சங்கிலி அறுபடுவது பெரும்பாலும் பணத்தாலும் தூரத்தாலும்தான்.

2018இல் கர்நாடகத்தில் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா என்று இணைந்த காப்பீட்டுத் திட்டம், ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆயுஷ்மான் பாரத்தின் அமைப்பே மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரையான செலவு அந்தத் தொகுப்புக்குள் அடங்கும். உறைசிகிச்சையின் முதல் தீர்ப்பு ஸ்கேன் நான்கு வாரம் கழித்துத்தான் தொடங்குகிறது. நாட்காட்டியில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பிழை எங்கே என்று தெரியும். மேசைமேல் நடப்பதற்குப் பணம் உண்டு. அது பலித்ததா என்று அறிய நோயாளி தன் கைக்காசைத்தான் நம்ப வேண்டும். கான்ட்ராஸ்டோடு எடுக்கும் கல்லீரல் எம்.ஆர்.ஐ. ஒவ்வொன்றும் தனியார் மையத்தில் ஆயிரக்கணக்கில் ஆகும். தினக்கூலிக்காரர் மூன்றாவது ஸ்கேனோடு நின்றுவிடுவதை அலட்சியம் என்று பழிப்பது நியாயம் ஆகாது. அரசுப் பணத்தை எல்லாருக்கும் இப்படி நீட்டித்தால் கட்டுமா என்று கேட்கலாம். எல்லாருக்கும் எல்லா ஸ்கேனும் கேட்கவில்லை. திரும்பும் வாய்ப்பு அதிகமான முதல் ஆண்டின் நான்கைந்து ஸ்கேன்களைச் சிகிச்சைத் தொகுப்பின் விலைக்குள்ளேயே சேர்த்தால் போதும். முற்றிய நிலையில் திரும்பும் கட்டிக்கு மாதாமாதம் தரும் மருந்தின் செலவோடு ஒப்பிட்டால் இது பெருந்தொகை ஆகாது.

தூரத்தின் சிக்கல் வேறு வகை. பெங்களூரில் சிகிச்சை, முதல் ஸ்கேன் ஓசூரில், அடுத்தது சொந்த ஊர் பக்கத்து மையத்தில், ஒன்று எம்.ஆர்.ஐ., மற்றொன்று சி.டி., ஒரு மருந்து இங்கே, வேறு மருந்து அங்கே என்று போனால், ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனித்தனியே சரியாக இருந்தும் தொடராகப் படிக்க முடியாமல் போகும். வளையம் மெலிந்ததா தடித்ததா என்ற கேள்விக்கு ஒரே முறையில் எடுத்த இரண்டு படங்களே பதில் சொல்லும். ஆகவே மருத்துவமனையைவிட்டுக் கிளம்பும் முன் நோயாளி எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: எந்தெந்தத் தேதியில் ஸ்கேன், எந்த வகை ஸ்கேன் எந்த மருந்தோடு, மொத்தம் எவ்வளவு ஆகும். சிகிச்சைக்கு முந்தைய படம் முதல் எல்லாவற்றையும் ஃபிலிமாக மட்டுமின்றிக் கணினிக் கோப்பாகவும் வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் படிப்பவரிடம் முழுத் தொகுப்பையும் கொடுக்க வேண்டும். மருத்துவமனையும் செலவு மதிப்பீட்டைத் தரும்போது ஊசிக்கும் அறைக்கும் எழுதும் அதே தாளில் முதலாண்டு ஸ்கேன்களின் தொகையையும் எழுதட்டும். உறைசிகிச்சை மலிவா, உயர்வா, சூட்டு முறையைவிட மேலா என்று ஒப்பிடும் தகுதி அந்த முழுத் தொகையைப் பார்த்த பிறகுதான் நமக்கு வருகிறது.